பிஎஸ்சி புதுக்கோட்டைல, எம்எஸ்சி காரைக்குடில சேரணும். அரியர், மைக்ரேஷன், இனிஷியல் குழப்பம், அப்பறம் பிஎச்டி. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

ராயவரம்_கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு ராயவரம், திருமயம் பக்கம். புதுக்கோட்டைல ஒரு காலேஜ்ல பிஎஸ்சி மேத்ஸ் படிச்சேன், ஏப்ரல்ல கடைசி செமஸ்டர் எழுதி ரிசல்ட்டும் வந்துருச்சு, ஆறாவது செமஸ்டர் பேப்பர் எல்லாம் பாஸ், ஆனா அஞ்சாவது செமஸ்டர் ரியல் அனாலிசிஸ் அரியரா நின்னுச்சு, அதையும் ஏப்ரல்லயே சேத்து எழுதுனேன், ரெண்டு மார்க்குல போயிருச்சு. ரீவேல்யுவேஷன் போட்டுருக்கேன், இன்னும் வரல.

இப்ப எம்எஸ்சி மேத்ஸ் காரைக்குடில சேரணும். அழகப்பா யூனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்லயே கெடச்சா ரொம்ப சந்தோஷம், இல்லாட்டி அதுக்குக் கீழ வர்ற காலேஜ் எதுலயாவது. வீட்லருந்தே பஸ்ல போயிட்டு வந்துரலாம், ஹாஸ்டல் செலவு இல்ல, சாயங்காலம் பிள்ளைகளுக்கு நான் எடுக்குற டியூஷனும் நிக்காது, என் செலவுல பாதி அதுலதான் ஓடுது.

அரியர் இருக்கப்பவே அப்ளை பண்ணலாமா, பண்ணா சீட் குடுத்துட்டு அப்பறம் கேன்சல் பண்ணிருவாங்களா? நான் படிச்சது பாரதிதாசன் யூனிவர்சிட்டிக்குக் கீழ, இது அழகப்பா, அதுக்கு என்னென்ன பேப்பர் வாங்கணும்? எங்க ஐயா "அடுத்த ஊருக்குப் போறதுக்கு என்னத்தா சர்டிபிகேட்டு"ன்னு கேக்குறாரு, எனக்கும் பதில் தெரியல.

இன்னொரு பிரச்சன என் இனிஷியல். அப்பா பேரு பழனியப்பன், எங்க வீட்ல எல்லாருக்கும் பிஎல்-னுதான் போடுவோம். பத்தாவது மார்க்ஷீட்ல பிஎல் ஒட்டி இருக்கு. ஆதார்ல பி தனி எல் தனின்னு ரெண்டு இனிஷியலா ஏத்திட்டாங்க. காலேஜ் மார்க்ஷீட்ல வெறும் பி. மூணு இடத்துல மூணு மாதிரி. இதால அட்மிஷன் நிக்குமா?

படிக்கும்போதே பக்கத்துல பிஎட் பண்ணலாமா, ரெண்டு டிகிரி ஒரே நேரத்துல பண்ணலாம்னு ரூல் வந்துருச்சுன்னு சொல்றாங்களே. எனக்கு காலேஜ் லெக்சரர் ஆகணும், அதுக்கு எம்ஃபில் கட்டாயம்னு எங்க சித்தி சொல்றாங்க, அவங்க அப்படித்தான் படிச்சாங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சதால புதுமைப்பெண் 1000 ரூபா மாசாமாசம் வந்துச்சு, அது எம்எஸ்சிக்கும் வருமா? கேள்வி ஜாஸ்தியாயிருச்சு, தெரிஞ்சவங்க ஒண்ணு ரெண்டுக்காவது பதில் போடுங்க.


செக்‌ஷன்_ஐயா:

அம்மா, நான் யூனிவர்சிட்டி ஆபீஸ்ல அட்மிஷன், எலிஜிபிலிட்டி செக்‌ஷன்கள்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவன், காரைக்குடிதான். பேப்பர் சமாச்சாரம் மட்டும் நான் சொல்றேன், படிப்பு விஷயம் வாத்தியாருங்க வந்து சொல்லட்டும்.

உங்க ஐயா கேட்டது நியாயமான கேள்வி. செட்டிநாடு நமக்கு ஒரே சீமைதான், ஆனா யூனிவர்சிட்டி எல்லைய மாவட்டத்த வச்சு பிரிச்சுருக்காங்க. சிவகங்கை, ராமநாதபுரம் ரெண்டும் அழகப்பாவுக்கு, புதுக்கோட்டை பாரதிதாசனுக்கு. அதால ராயவரம், அரிமளம், கோனாபட்டு பிள்ளைக புதுக்கோட்டைல படிச்சா திருச்சி யூனிவர்சிட்டி டிகிரி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பிள்ளைக இங்க படிச்சா அழகப்பா டிகிரி. பஸ்ஸுல அரமணி முக்காமணி தூரம்தான், ஆபீஸ் கணக்குல நீங்க வேற யூனிவர்சிட்டி மாணவி. அதுக்காகத்தான் மைக்ரேஷன் சர்டிபிகேட். இந்தப் பொண்ணு எங்ககிட்ட படிச்சு முடிச்சுட்டா, இனி வேற யூனிவர்சிட்டில பதிஞ்சுக்கலாம்னு பழைய யூனிவர்சிட்டி எழுதிக் குடுக்குறது அது, அவ்வளவுதான். காலேஜ் குடுக்குறது டிசி. யூனிவர்சிட்டி குடுக்குறது மைக்ரேஷன், ப்ரொவிஷனல், கன்சாலிடேட்டட் மார்க்ஷீட். இந்த நாலும் வேற வேற ஆபீஸ்ல இருந்து வேற வேற நேரத்துல வரும், அதான் பிள்ளைக திணறிப் போறது. மைக்ரேஷனுக்கு பணம் கட்டி அப்ளை பண்ணாத்தான் தருவாங்க, தானா வராது. ரிசல்ட் கிளியர் ஆன மறுநாளே போடுங்க. வரத் தாமதமானா பணம் கட்டுன ரசீத காட்டி, இத்தன தேதிக்குள்ள குடுத்துர்றேன்னு எழுதிக் குடுத்து சேர்றது வழக்கத்துல உண்டு, ஆனா அந்தத் தேதிய விட்டுறக் கூடாது. முத செமஸ்டர் ஹால் டிக்கெட் வர்ற நேரத்துல பேர் பதிவு முடியலைன்னா பரீட்சைக்கு உக்கார விடமாட்டாங்க, அப்ப வந்து செக்‌ஷன் வாசல்ல நின்னு அழுத பிள்ளைகள நான் பாத்துருக்கேன்.

அரியர் விஷயம். அப்ளிகேஷன் போடுங்க, தாராளமா போடலாம், ரிசல்ட்டுக்காகக் காத்துருக்கவங்களும் போடலாம்னுதான் பெரும்பாலும் இருக்கும். ஆனா அப்ளை பண்றது வேற, அட்மிட் ஆகுறது வேற. பிஜில சேர்றதுக்கு அடிப்படைத் தகுதியே யூஜி டிகிரி பாஸ் ஆயிருக்கணும்ங்கறது, ஒரு பேப்பர் நின்னாலும் பாஸ் ஆன கணக்கு இல்ல. ரீவேல்யுவேஷன்ல வந்துட்டா பிரச்சன முடிஞ்சுச்சு. வரலைன்னா, கடைசி வருஷத்துல ஒரே ஒரு பேப்பர் நிக்கிறவங்களுக்குன்னு சில யூனிவர்சிட்டில உடனடித் தேர்வு வைப்பாங்க, இன்ஸ்டன்ட் எக்ஸாம்னு சொல்றது. உங்க காலேஜ் எக்ஸாம் செக்‌ஷன்ல அது இருக்கா, கடைசித் தேதி என்னன்னு நாளைக்கே போய்க் கேளுங்க, ரீவேல்யுவேஷன் வரட்டும்னு உக்காந்துருந்தா அந்தத் தேதி போயிரும். அரியர மறச்சு சேந்துரலாம்னு யாராச்சும் யோசன சொன்னா காதுல வாங்காதீங்க. பேர் பதிவு பண்றப்ப பாஸ் ஆன மாசம் வருஷத்தப் பாப்பாங்க, சேந்த தேதிக்கு அப்பறம் பாஸ்னு இருந்தா அட்மிஷனே செல்லாது, ரெண்டு வருஷம் படிச்சதும் சேந்து போயிரும்.

இனிஷியலுக்கு வர்றேன். இது நம்ம ஊர்ப் பிரச்சன, வேற எந்த ஊர்லயும் இந்த அளவுக்குக் கெடையாது. அழகப்ப செட்டியாரே ஆர்எம். அழகப்ப செட்டியார்தான், ஆர்எம்-ங்கறது ராமநாதன்ங்கற ஒரே பேர். நம்மாளுக ஏஎல், பிஎல், சிடி, எஸ்பி, கேஆர்னு ரெண்டெழுத்து ஒட்டி எழுதுவாங்க, நடுவுல புள்ளி வராது, கடைசிலதான் புள்ளி. டைப் அடிக்கிற பிள்ளைக்கு அது தெரியாது, ஆர் புள்ளி எம் புள்ளின்னு பிரிச்சு ரெண்டு தலைமுறைப் பேரு ஆக்கிரும். முன்னால லெட்ஜர்ல கையெழுத்து காலத்துல பாத்து சரி பண்ணிக்குவோம். இப்ப ஏபிசி ஐடின்னு படிப்பு கிரெடிட்டச் சேத்து வைக்கிற கணக்கு நம்பர் வந்துருச்சு, கிரெடிட் எல்லாம் அதுலதான் ஏறும், அது டிஜிலாக்கர் வழியா ஆதார்ல இருக்க பேரத்தான் எடுக்கும், கம்ப்யூட்டருக்கு ஒரு புள்ளி கூடுனாலும் வேற ஆள்தான்.

நீங்க செய்ய வேண்டியது இது. பத்தாவது மார்க்ஷீட்தான் அடிப்படை, அதுல சரியா இருக்குல்ல, அது போதும். அத எடுத்துக்கிட்டு ஆதார் சென்டர் போய் அதே மாதிரி திருத்தச் சொல்லுங்க. அடுத்து காலேஜ் வழியா கன்ட்ரோலர் ஆபீஸுக்கு எழுதி, பத்தாவது மார்க்ஷீட் நகல் வச்சு, டிகிரி மார்க்ஷீட்லயும் பிஎல்-னு திருத்தம் கேளுங்க. கான்வொகேஷன் டிகிரி அச்சாகுறதுக்கு முன்னாடி இதச் செஞ்சுரணும், அச்சான பெறகு திருத்துறது பெரிய அலைச்சல். அட்மிஷன் இதால நிக்காது, ஆனா சேர்றப்ப அப்ளிகேஷன்ல எந்தப் பேர ஏத்துறீங்களோ அதுதான் எம்எஸ்சி டிகிரி வரைக்கும் போகும், அதனால பத்தாவதுல உள்ளபடியே ஏத்துங்க.

இன்னொண்ணு. சீட் கெடச்சதும் ஒரிஜினல் எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு தரமாட்டேங்குற எடம் உண்டு. யூனிவர்சிட்டிகளுக்கு ரூல் போடுற யுஜிசி 2018லயே தெளிவா சொல்லிருச்சு, ஒரிஜினல சரிபாத்துட்டு திருப்பிக் குடுத்துரணும், வச்சுக்கக் கூடாது. ஒரு காலேஜ்ல பணம் கட்டிட்டு வேற எடத்துல கெடச்சு விலகுனா, அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளைக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தா முழு பீஸும் திரும்பணும், பிராசஸிங்குன்னு 5 சதவீதம், அதுவும் 5000 ரூபாய்க்கு மேல போகாம பிடிக்கலாம். கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆயிட்டா ஒண்ணும் வராது. விலகுற கடிதத்துல தேதி போட்டு, உள்ளே வாங்குனதுக்கு சீல் வாங்கிக்கங்க.

புதுமைப்பெண் பிஜிக்குக் கெடையாதும்மா, முதல் டிகிரியோட முடிஞ்சுச்சு.


குன்றக்குடி_92:

இவ்வளவு அலைச்சல் எதுக்குங்க, எந்த டிகிரி முடிச்சவங்களும் சேரலாம்னு எம்ஏ கோர்ஸ் எத்தனையோ இருக்கு, தபால்ல எம்ஏ இங்கிலீஷ் போட்டுட்டு டியூஷன பெருசாக்குங்க, பிஜி டிகிரி பிஜி டிகிரிதானே.


தேவகோட்டை_மேத்ஸ்:

குன்றக்குடி தம்பி சொன்னதுல பாதி சரி, பாதி அந்தப் பொண்ணுக்கு ஆபத்து. தபால்ல படிச்ச டிகிரியும் ரெகுலர் டிகிரியும் சமம்னு யுஜிசி 2022ல அறிவிச்சுருக்கு, யுஜிசியோட தபால் படிப்புப் பிரிவான டிஇபி அனுமதி வாங்குன கோர்ஸா இருக்கணும் அவ்வளவுதான், அதுல எந்தக் குறையும் இல்ல. ஆனா அவங்க மேத்ஸ் லெக்சரர் ஆகணும்னு கேக்குறாங்க. எந்தப் பாடத்துல வேல பாக்கணுமோ அந்தப் பாடத்துலதான் பிஜி இருக்கணும், லெக்சரர் தகுதித் தேர்வான நெட்டும் அதுலதான் எழுதணும். ஸ்கூல் பக்கம் பிஜி டீச்சராப் போகணும்னாலும் யூஜி ஒண்ணு பிஜி ஒண்ணா இருந்தா பின்னாடி வீண் வாதம் வரும். மூணு வருஷம் கணக்குல உழைச்சத விட்டுட்டு பாதை மாறச் சொல்லாதீங்க.

ராயவரம் தங்கச்சி, நான் ஒரு காலேஜ்ல மேத்ஸ் எடுக்குறேன். எங்கிட்ட வர்ற பிஜி பிள்ளைக எல்லார்கிட்டயும் முத நாளே ஒரு நம்பர நோட்டு மொத பக்கத்துல எழுதச் சொல்லுவேன், 55. அத மட்டும் உங்களுக்கும் அழுத்திச் சொல்லணும்னுதான் இந்த பதிலே போடுறேன்.

பிஜில ஒரு பேப்பர் பாஸ் ஆக நம்ம பக்கம் 50 வேணும், யூஜி மாதிரி 40 இல்ல. இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. பிள்ளைக என்ன நெனச்சுக்குறாங்க, எல்லாப் பேப்பரும் பாஸ், டிகிரி வந்துருச்சு, போதும்னு. ஒவ்வொண்ணுலயும் 51, 52 வாங்கி பாஸ் ஆனா கடைசில மொத்தம் 52ல நிக்கும். டிகிரி உண்டு, ஆனா அந்த டிகிரிய வச்சு நெட் எழுத முடியாது, பிஎச்டி சேர முடியாது, அசிஸ்டன்ட் புரொபசருக்கு அப்ளை பண்ண முடியாது. மூணுக்கும் பிஜில 55 சதவீதம் கேக்குறாங்க. எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயர் இல்லாத ஓபிசி, மாற்றுத் திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு, அதாவது 50. 54.8 இருக்கு 55ன்னு எடுத்துக்க மாட்டாங்களான்னு கேட்டு வர்றாங்க, நெட்டுக்கு அப்படி மேல தூக்கிப் போடுற வழக்கம் இல்ல. இதுல ஒரு உள்விஷயம், தமிழ்நாட்டு பிசி சர்டிபிகேட் வச்சுருந்தா ஓபிசி தளர்வு தானா வந்துராது, நெட்டுக்கு மத்திய அரசு ஓபிசி லிஸ்ட்ல உங்க சமூகம் இருக்கணும், அந்தப் படிவத்துல தனியா சர்டிபிகேட் வாங்கணும். ரெண்டு லிஸ்டும் ஒண்ணு இல்ல. சில சமூகம் இதுல இருக்கும் அதுல இருக்காது.

அதனால முத செமஸ்டர்லருந்தே கூட்டிப் பாத்துக்கிட்டே வாங்க. மொத செமஸ்டர் அல்ஜிப்ரா, ரியல் அனாலிசிஸ் ரெண்டும்தான் ஆள அடிக்கும், அங்க 50, 51ன்னு போயிட்டா அப்பறம் மூணாவது நாலாவது செமஸ்டர் எலெக்டிவ்ல ஏத்தி சரிக்கட்டுறது ரொம்ப கஷ்டம்.

அதுல இன்னொண்ணு மனசுல பட்டது. உங்களுக்கு நிக்கிற அரியரே ரியல் அனாலிசிஸ். பாஸ் மார்க் வந்துருச்சுன்னு அந்த புக்க மூடிராதீங்க. எம்எஸ்சில மொதல்ல வந்து நிக்கிறதும் அதுதான், கணக்கு, சயின்ஸுக்குன்னு நடக்குற சிஎஸ்ஐஆர் நெட் மேத்ஸ் பேப்பர்ல பெரிய பங்கும் அதுதான். எங்க பிள்ளைகள்ல பாதிப்பேர் எப்சிலான் டெல்டா டெஃபனிஷன மனப்பாடமா ஒப்பிப்பாங்க, எப்சிலான மொதல்ல யார் குடுக்குறா, டெல்டாவ யார் தேடணும்னு கேட்டா முழிப்பாங்க. ஒரு x ஸ்கொயர் ஃபங்ஷன எடுத்துக்கிட்டு, 2ங்கற புள்ளில எப்சிலான் 0.1னு வச்சு டெல்டா எவ்வளவு வேணும்னு கைப்பட போட்டுப் பாருங்க, அப்பறம் 100ங்கற புள்ளில அதே 0.1க்கு போட்டுப் பாருங்க, டெல்டா எவ்வளவு சின்னதாகுதுன்னு தெரியும். யூனிஃபார்ம் கன்டினியூட்டின்னு ஒண்ணு எதுக்கு வேணும்னு அன்னைக்கு தானா புரியும். அட்மிஷனுக்குக் காத்துருக்க இந்த மாசத்த இதுக்குக் குடுங்க.

வருகைப் பதிவு 75 சதவீதம் வேணும். கொஞ்சம் கொறஞ்சா மெடிக்கல் சர்டிபிகேட் வச்சு கன்டோனேஷன் பீஸ் கட்டி எழுத விடுவாங்க, ரொம்பக் கொறஞ்சா அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். எந்த அளவுக்குக் கீழ போனா என்னங்கறது காலேஜுக்கு காலேஜ் மாறும், உங்க ஹேண்ட்புக்ல பாத்துக்கங்க. சாயங்கால டியூஷன் இதுக்குக் குறுக்க வராது, ஆனா மாசி பங்குனி திருவிழா, கல்யாணம், படைப்புன்னு நம்ம ஊர்ல ரெண்டாவது செமஸ்டர்தான் லீவு அள்ளிக்கிட்டுப் போகும், அதுல பாத்து இருங்க.

ரெண்டு டிகிரி கேட்டீங்க. யுஜிசி 2022 ஏப்ரல்ல அனுமதிச்சது உண்மை. ஒண்ணு ரெகுலர், ஒண்ணு தபால் இல்ல ஆன்லைன், இப்படிப் பண்ணலாம். ரெண்டும் ரெகுலரா இருந்தா வகுப்பு நேரம் மோதக் கூடாது. ஆனா பிஎட் ஆசிரியர் படிப்புகளுக்கான என்சிடிஇ கட்டுப்பாட்டுல வருது, வகுப்புக்கு 80 சதவீதம், ஸ்கூல் இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம் வருகை கேக்குறாங்க, ரெண்டு காலேஜ்லயும் ஒரே பகல் நேரம், ஒரிஜினல் டிசி உங்ககிட்ட இருக்கறது ஒண்ணுதான். எம்எஸ்சி மேத்ஸோட பிஎட்ட ஒண்ணா இழுக்க நெனச்சா 55 போயிரும். லெக்சரர்தான் லட்சியம்னா பிஎட் தேவையே இல்ல. ஸ்கூல் வேலையும் ஒரு கண்ணுல இருந்தா எம்எஸ்சி முடிச்சுட்டு சேருங்க.


ராயவரம்_கணக்கு:

ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்ஸ்டன்ட் எக்ஸாம் பத்தி காலேஜ்ல ஒருத்தரும் சொல்லவே இல்ல, நாளைக்கு காலைலயே போறேன். ஆதார் திருத்தத்துக்கும் டோக்கன் போட்டாச்சு. அக்கா நீங்க சொன்ன x ஸ்கொயர் இப்பதான் போட்டுப் பாத்தேன், 2க்கும் 100க்கும் டெல்டா அவ்வளவு வித்தியாசம் வருது, இத யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரல.

எம்ஃபில், பிஎச்டி பத்தி மட்டும் யாராவது சொல்லுங்க. வீட்ல அதான் இப்ப பேச்சு, எம்எஸ்சி 2 வருஷம், எம்ஃபில் ஒரு வருஷம், பிஎச்டி எத்தன வருஷமோ, கல்யாணத்த எப்ப பண்றதுன்னு கணக்கு போடுறாங்க.


கோவிலூர்_ஸ்காலர்:

தங்கச்சி, நான் இங்க ஃபுல் டைம் பிஎச்டி பண்றேன், கெமிஸ்ட்ரி, ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

எம்ஃபில் இப்ப கெடையாது. 2022 நவம்பர்ல வந்த யுஜிசி பிஎச்டி ரெகுலேஷன்ல எம்ஃபில நிறுத்தியாச்சு, அதுக்கப்பறமும் சில எடத்துல சேத்ததால 2023 டிசம்பர்ல மறுபடி எச்சரிக்கை குடுத்தாங்க, அது அங்கீகாரம் இல்லாத டிகிரி, யாரும் சேராதீங்கன்னு. முன்னாடியே வாங்குனவங்களோடது செல்லும், உங்க சித்தியோடது செல்லும். நீங்க எம்எஸ்சி முடிச்சு நேரா பிஎச்டி போயிரலாம். யாராச்சும் எம்ஃபில்னு விளம்பரம் பண்ணா பணத்தக் கட்டிராதீங்க.

பிஎச்டி சேர நெட் வழி, யூனிவர்சிட்டி என்ட்ரன்ஸ் வழி ரெண்டும் இருக்கு. நெட்ல 2024 ஜூன்லருந்து மூணு பிரிவா ரிசல்ட் போடுறாங்க, ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குறவங்க, அசிஸ்டன்ட் புரொபசர் தகுதியோட பிஎச்டிக்கும் தகுதி வாங்குறவங்க, பிஎச்டிக்கு மட்டும் தகுதி வாங்குறவங்க. ரெண்டாவது மூணாவது பிரிவுக்கு நெட் மார்க் 70, இன்டர்வியூ 30னு சேத்துப் பாப்பாங்க, அந்த மார்க் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். எம்எஸ்சி கடைசி வருஷத்துலயே நெட் எழுதலாம், ரிசல்ட் வந்து 2 வருஷத்துக்குள்ள தேவையான சதவீதத்தோட பிஜி முடிச்சுரணும். ஜேஆர்எஃப் வாங்கிட்டீங்கன்னா மாசம் 37,000 ரூபா, 2 வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப்ங்கற அடுத்த நிலைக்குப் போனா 42,000, வீட்டு வாடகைப் படி தனி. டியூஷன் எடுத்துப் படிக்கிற உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலைன்னு நெனச்சுப் பாருங்க, வீட்ல கல்யாணக் கணக்கு போடுறவங்ககிட்டயும் இந்த நம்பரச் சொல்லுங்க.

சேந்த பெறகு கோர்ஸ்வொர்க், கொறஞ்சது 12 கிரெடிட், அதுல ஆராய்ச்சி ஒழுக்கம் பத்தி ஒரு 2 கிரெடிட் பேப்பர் கட்டாயம். கோர்ஸ்வொர்க்லயும் 55 வேணும், அக்கா சொன்ன அதே நம்பர் இங்கயும் வருது பாருங்க. செமஸ்டருக்கு ஒருதடவ ஆர்ஏசிங்கற ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன்னாடி நின்னு என்ன வேல பண்ணோம்னு சொல்லணும். கொறஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். ரீரெஜிஸ்ட்ரேஷன் பண்ணா இன்னும் 2 வருஷம் கெடைக்கும், பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல மாற்றுத் திறன் உள்ளவங்களுக்கும் அதுக்கு மேலயும் 2 வருஷம் சலுகை, எல்லாம் சேத்து 10 வருஷத்தத் தாண்டக் கூடாது.

கைடு தேடுறப்ப அவங்ககிட்ட காலி எடம் இருக்கான்னு பாருங்க. புரொபசர் ஒரு நேரத்துல 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டன்ட் 4 பேருக்குத்தான் கைடா இருக்க முடியும். ரிட்டயர் ஆக 3 வருஷத்துக்குக் கீழ இருக்கவங்க புதுசா ஆள் எடுக்கக் கூடாது. பெரிய பேரு இருக்குன்னு ஒருத்தர் பின்னாடியே அலைஞ்சு, அவருகிட்ட எடமே இல்லன்னு ஒரு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட பசங்கள எனக்குத் தெரியும்.


பள்ளத்தூர்_பார்ட்டைம்:

கல்யாணப் பேச்சு வந்ததால நான் எழுதுறேன். நான் ஸ்கூல் டீச்சர், ரெண்டு பிள்ளைக, பார்ட் டைம்ல பிஎச்டி பண்றேன், ஃபுல் டைம் எல்லாராலயும் முடியாது, ஆனா வழி இருக்கு.

பார்ட் டைம்னா வேல பாக்குற எடத்துல இருந்து என்ஓசி வேணும். வெறும் ஆட்சேபணை இல்லன்னு ஒரு வரி எழுதுனாப் பத்தாது, ஆராய்ச்சிக்கு நேரம் தருவோம், தேவைப்பட்டா கோர்ஸ்வொர்க் முடிக்க லீவு குடுப்போம்னு அதுல வரணும், ரெகுலேஷன்லயே அப்படித்தான் இருக்கு. சேர்றப்பவே இத முழுசா வாங்கிருங்க, ஹெட்மாஸ்டர் மாறுனா புது ஆளுகிட்ட முதல்லருந்து பேசணும். தபால்லயோ ஆன்லைன்லயோ பிஎச்டி கெடையாது, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. ஃபுல் டைம், பார்ட் டைம் எதா இருந்தாலும் கோர்ஸ்வொர்க், ஆர்ஏசி, வைவா எல்லாம் ஒரே மாதிரிதான், பார்ட் டைம்னு யாரும் எளக்கம் காட்டுறதில்ல, காட்டவும் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு பிரசவ லீவு, குழந்தை பராமரிப்பு லீவு சேத்து பிஎச்டி காலம் முழுசுக்கும் 240 நாள் வரைக்கும் உண்டு. இது உரிமை, கைடுகிட்ட தயங்கித் தயங்கிக் கேக்க வேண்டியதில்ல, ஆனா எழுத்துல குடுத்து ஆர்டர் வாங்கணும். வாயால சொல்லிட்டுப் போயி, அப்பறம் அந்தக் காலத்த எல்லாம் ஆப்சென்ட்டாப் போட்டு, ஆர்ஏசி ரிப்போர்ட் வரலைன்னு மெமோ வந்த பிள்ளைய நான் பாத்துருக்கேன். வருஷா வருஷம் பீஸ் கட்டுற தேதியும் அப்படித்தான், குழந்தைய வச்சுக்கிட்டு மறந்துருவோம், ஃபைன் ஏறிக்கிட்டே போகும். ரசீது, ஆர்ஏசி மினிட்ஸ், லீவு ஆர்டர் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல தேதி வாரியா வச்சுக்கங்க, தீசிஸ் சப்மிட் பண்றன்னிக்கு ஒண்ணு விடாம கேப்பாங்க.

தீசிஸ்ல அடுத்தவங்க எழுதுனது 10 சதவீதத்துக்கு மேல பொருந்துனா திருப்பி அனுப்புவாங்க, 60 தாண்டுனா ரெஜிஸ்ட்ரேஷனே ரத்து, 2018 ரெகுலேஷன். மேத்ஸுக்கு இது அவ்வளவு வராது, ஆனா இன்ட்ரடக்‌ஷன் எழுதுறப்ப எல்லாரும் ஒரே புக்கப் பாத்து எழுதுறாங்க, அங்கதான் மாட்டுறது.

வீட்ல கணக்கு போடுறாங்கன்னா நல்லதுதான், ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி எம்எஸ்சி முடிஞ்சு கைல 55ம், முடிஞ்சா நெட்டும் இருக்கட்டும்னு சொல்லுங்க தங்கச்சி. பிஎச்டிய எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ல ஒரு கைடப் பாத்து ஆரம்பிச்சுக்கலாம். பாதில நின்ன எம்எஸ்சிய மறுபடி எடுக்குறதுதான் ரொம்பக் கஷ்டம், அதுக்கு முடிக்க வேண்டிய வருஷக் கணக்கு உண்டு, அதுக்குள்ள சிலபஸும் மாறிரும்.


ராயவரம்_கணக்கு:

காலேஜ் போயிட்டு வந்தேன். உடனடித் தேர்வு இருக்காம், ரீவேல்யுவேஷன் ரிசல்ட் வர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பணம் கட்டிட்டேன். அதுல பாஸ் ஆனாலும் சர்டிபிகேட் வர்றதுக்குள்ள காரைக்குடி அட்மிஷன் முடிஞ்சுட்டா என்ன பண்றது ஐயா?


செக்‌ஷன்_ஐயா:

ரிசல்ட் வந்ததும் காலேஜ்ல பிரின்சிபால் கையெழுத்து போட்டு கோர்ஸ் கம்ப்ளீஷன் வாங்குங்க, இன்டர்நெட் மார்க்ஷீட்ல அட்டெஸ்டேஷன் வாங்குங்க, ரெண்டையும் எடுத்துக்கிட்டு நேர்ல வந்து டிபார்ட்மென்ட் தலைவரப் பாருங்க. காலி எடம் இருந்தா கடைசித் தேதிக்கு அப்பறமும் ஸ்பாட் அட்மிஷன் நடக்கும், மேத்ஸ்ல எடம் நிரம்பிருச்சுன்னா பக்கத்து காலேஜ்கள்லயும் கேளுங்க. அதுவும் தாண்டிப் போச்சுன்னா தபால் வழிக்கு ஜனவரில இன்னொரு சேர்க்கை வைக்கிற யூனிவர்சிட்டிகள் இருக்கு, எம்எஸ்சி மேத்ஸ் அதுல இருக்கான்னு மட்டும் மொதல்ல பாத்துக்கணும், வருஷம் முழுசா வீணாகாது. மைக்ரேஷன் அப்ளிகேஷன இன்னைக்கே நிரப்பி வச்சுருங்க, இனிஷியல பிஎல்-னு ஒட்டி எழுதுங்க, கடைசில மட்டும் புள்ளி.